மலையில் படுத்த ஐந்து பேர்

பாங்கு நேரமில்லாத நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தால், கல்முனையில் எல்லோரும் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். நான் மெதடிஸ்தக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனாலும் பிறந்த நாளிலிருந்து அந்தக் கரகரப்பைக் கேட்டு வளர்ந்தவன். அடுத்து வருவது மரண அறிவித்தல் என்று எனக்கும் தெரியும். அன்று விடிந்து கொஞ்ச நேரம்தான். கடற்கரைக்குப் போவதற்காக ஒரு காலில் சப்பாத்தை மாட்டிவிட்டு மற்றதைக் கட்டிலுக்குக் கீழே தேடிக்கொண்டிருந்தேன். "இன்னாலில்லாஹி" என்று குரல் தொடங்கியது. பிறகு பெயர் வந்தது. "சாரதிப் பயிற்சி ஜௌபர்" என்றார்கள். ளுஹர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்றார்கள்.

குசினிக்குள்ளிருந்து மனைவி, "ஆராம்?" என்று கேட்டாள். அவள் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, நம்மட ஜௌபரோ?" என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கடற்கரையில் எனக்காகக் காத்திருக்கவேண்டிய மனிதர் அவர். நான் ஒற்றைச் சப்பாத்தோடு கதிரையில் இருந்தேன்.

ஜௌபரை உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை இந்தக் கரையில் வாகனம் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் ஏச்சு வாங்கித்தான் லைசன்ஸ் எடுத்தவர்கள். அந்த ஏச்சுக்குள் ஒரு தைரியமும் இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்குகிறவர்களிடம், "பயப்படாம ஓட்டுங்க. என்ட காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இரிக்கி" என்பார். என் மனைவி அந்த ஒரு வசனத்தை நம்பித்தான் சந்தைச் சந்தியில் முதன்முதலாக வாகனத்தைத் திருப்பினாள். அவரிடம் ஓட்டப் பழகிய எல்லோருக்கும் இப்படியொரு சந்தி இருக்கும்.

அவர் சொல்லித் திரிந்த மலைக்கதையும் உங்களுக்குத் தெரியும். ஆறு பேர் கல்முனைக் கடலிலிருந்து புத்தளத்துக் கடலுக்கு ஓடப் புறப்பட்டதும், பதினெட்டு வளைவு மலையைக் கண்டதும் ஐந்து பேர் கால் பிடித்துக்கொண்டு றோட்டில் படுத்துவிட்டதும், தான் ஒருவர்தான் நிமிர்ந்து நின்றதும். அந்த ஐந்து பேரில் ஒருவன் நான். அன்று நடந்தது வேறு. அதை இப்போது சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

ஓட்டம் தொடங்கியதே சீனி வருத்தத்தால்தான். ஐம்பதை நெருங்கிய ஆறு பேருக்கு டொக்டர்மார் நடக்கச் சொன்னார்கள். கடற்கரை மணலில் நடந்தோம், பிறகு ஓடினோம். ஜௌபர், நில அளவை வேலை செய்யும் நான், காரைதீவில் படிப்பிக்கும் சிவநேசன், மீன் மொத்த வியாபாரி முஸம்மில், சாய்ந்தமருதுச் சகோதரர்கள் ஹனிபாவும் றியாஸும். ஒருநாள் காலை, கடலுக்குள்ளிருந்து சூரியன் வந்துகொண்டிருந்தபோது ஜௌபர் இடுப்பில் கையூன்றி நின்றார். "உதிக்கிறத ஒவ்வொரு நாளும் பாக்கம். இது கடலுக்குள்ள போறத ஒருக்கா எண்டாலும் பாத்திரிக்கமா? மேற்குக் கரைக்குப் போவம். ஓடியே போவம்" என்றார். நாங்கள் பகிடி என்று நினைத்தோம். அடுத்த வாரம் நான் வரைபடம் விரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். அது சஹனிலிருந்து எடுத்த சட்டம். சஹன் என்றால் முஸ்லிம் வீட்டு விருந்தில் ஆறு பேர் சுற்றிக் குந்தி ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. கடைசி ஆள் சாப்பிட்டு முடியும்வரை மற்றவர் எழும்புவது அழகில்லை. "சஹன்ல ஒருத்தன் எழும்பினா மத்தவனுக்குச் சோறு இறங்காது. ஓட்டமும் அப்பிடித்தான். ஒருத்தனுக்கு ஏலாட்டி ஆறு பேரும் வேன்ல ஏறுற. ஏறினாப் பயணம் முடிஞ்சிது" என்றார். நாங்களும் தலையாட்டினோம். தொண்ணூறு கிலோ முஸம்மில்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தலையாட்டினார், ஏனென்றால் முதலில் இயலாமல் போகப்போவது தான்தான் என்று அவருக்குத் தெரியும்.

தட்டைத் தரையில் வாழும் ஆட்கள் மலைக்கு எப்படிப் பயிற்சி எடுப்பது? கல்முனைப் பக்கம் ஏற்றம் என்று சொல்ல இருப்பது பாலங்களின் முகப்புத்தான். ஜௌபர் தன் மாணவர்களுக்கு ஏற்றத்தில் வாகனம் எடுக்கப் பழக்கும் அதே பாலத்தில் எங்களையும் ஏற்றி இறக்கினார். இருபது தரம் ஏறினால் ஒரு மலை என்பது அவருடைய கணக்கு. "ஜௌபர், பாலத்தை எத்தனை தரம் கூட்டினாலும் அது மலையாகாது" என்று என் தொழில் அறிவைச் சொன்னேன். "நீ மலையக் கடதாசியில பாத்தவன். சும்மா ஓடு" என்றார். அத்தோடு என் தொழில் அறிவு முடிந்தது.

புறப்பட்டோம். முன்னால் நாங்கள், பின்னால் அவருடைய பயிற்சி நிலைய வேன், கூரையில் எல் போட் பூட்டியபடி. அதைக் கழற்றிவிடச் சொல்லிப் பார்த்தோம். "இரிக்கட்டும். நாமளும் பழகுற ஆக்கள்தானே" என்றார். வேனை அவரிடம் வேலை செய்த பாறூக் ஓட்டினார். சமையலும் அவர்தான். அம்பாறை, மகாஓயா, பதியத்தலாவை தாண்டி மகியங்கனைக்கு வந்து சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை. சிவநேசனையும் என்னையும் தவிர மற்றவர்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போய் வந்தார்கள். மகாவலிக் கரையில் பாய் விரித்துப் பாறூக் சஹனை வைத்தார். நடுவில் கத்தரிக்காய்ப் பாற்கறியும் பருப்பும் மட்டும். முஸம்மில் சோற்றைத் தோண்டிப் பார்த்தார்.

"இறைச்சி எங்க?"

"சிவநேசன் வெள்ளிக்கிழமை மச்சம் தின்னமாட்டார். மறந்து போச்சா?" என்றார் ஜௌபர்.

"அவர் தின்னாட்டி அவர்ர பக்கத்துக்கு வைக்காம உட்டாச் சரிதானே! மரக்கறிச் சஹன் எண்டு இந்த துன்யாவுல எங்கயாச்சும் இரிக்கா?"

"இஞ்ச இரிக்கி. தின்."

சிவநேசன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். கறி உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தார். ஒரு உப்புக்கல் அளவு உறைப்பும் அந்தக் கறியில் இல்லை.

மறுநாள் ஏறத் தொடங்கினோம். ஹசலக்க தாண்டியதும் றோட்டு சுவரில் சாத்திய ஏணி மாதிரி எழும்பி நிற்கிறது. ஒரு வளைவு முடிய அடுத்தது தலைக்கு மேலே தெரியும், அதற்கு மேலே இன்னொன்று. நாலைந்து வளைவுக்குள் ஓட்டம் நடையாகி, நடை ஊர்தலானது. கடற்காற்றிலே வளர்ந்த நெஞ்சுக்கு அந்தக் காற்று போதவில்லை. இருந்தாலும் முஸம்மில் தாங்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பக்கத்திலே நடந்த ஜௌபர்தான் நின்றார்.

வளைவோரத்துச் சிறு சுவரில் குந்தினார். முகம் சாம்பல். காலை வெய்யில் இன்னும் ஏறவில்லை, ஆனால் பெனியன் தோய்ந்து வடிந்தது. இடக்கையை மற்றக் கையால் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்ன மச்சான்?"

"ஒண்டுமில்லடா. வாயு. பாறூக்கிட்ட பருப்பு."

வாயு! எங்கள் கரையில் நெஞ்சுக்குள் வருகிற எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். உடனே வைத்தியம் தொடங்கியது. ஹனிபா முதுகைத் தேய்த்தார். றியாஸ் சோடா உடைத்தார். பாறூக் இஞ்சி போட்ட வெறுந்தேத்தண்ணியோடு ஓடி வந்தார். ஜௌபர் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டார், எல்லோரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள், நானும் சேர்ந்து சொன்னேன். சிவநேசன் மட்டும் என் சட்டையைப் பிடித்து அப்பால் இழுத்துக்கொண்டு போனார். "என்ர அப்பாவும் இப்பிடித்தான், வாயு வாயு எண்டுதான் போனவர். இதே முகம். மனுசன ஏத்துங்க அருள், கெதியா ஏத்துங்க" என்றார்.

கெஞ்சினோம். ஜௌபர் அசையவில்லை. "நான் ஏறினா நீங்க எல்லாரும் ஏறோணும். ஏறினாப் பயணம் முடிஞ்சிது. என்னாலயா பயணம் நிக்கணும்? கொஞ்சம் குந்திட்டு வாறன்" என்றார். சட்டம் செய்தவரே அதற்குள் மாட்டிக்கொண்டார். நாங்கள் ஏறுகிறோம், எங்களுக்குச் சம்மதம் என்று ஐந்து பேரும் சொன்னோம். "நீங்க எழும்பினா எழும்புங்க. நான் சஹன்ல தனியக் குந்தியிரிப்பன்" என்றார். ஹனிபாவும் றியாஸும் தூக்கப் பார்த்தார்கள். மனுசன் பாதுகாப்புக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சுவரில் இருந்த இரண்டு குரங்குகள் எங்களை வேடிக்கை பார்த்தன. வளர்ந்த ஐந்து ஆண்கள் ஒரு மனிதனை ஒரு வேனுக்குள் ஏற்ற முடியாமல் நின்றோம். இரண்டு பக்கமும் பிரேக் வைத்த அவருடைய வாகனம் பக்கத்தில் நிற்கிறது, அவரை நிறுத்த எங்கள் காலடியில் ஒரு பிரேக்கும் இல்லை. நான் கடவுளிடம் கேட்டேன். ஏசிக்கொண்டுதான் கேட்டேன்.

அப்போது முஸம்மில் நடு றோட்டில் தொபுக்கென்று விழுந்தார். "அல்லாஹ்வே! என்ட கால்! புடிச்சிட்டு, கெண்டைக்கால் புடிச்சிட்டு!" என்று மலை அதிரக் கத்தினார். ஐயோ இதுவுமா என்று ஓடினேன். குனிந்தபோது என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நோவு இல்லை, பயம் மட்டும் இருந்தது. எங்களுக்குள் மூளை குறைந்தவர் என்று நாங்கள் பகிடி பண்ணிய மனுசன். அவருக்கு ஏலாவிட்டால் சட்டப்படி ஜௌபரும் வேனில் ஏறவேண்டும் என்பது எனக்கு விளங்க ஒரு நிமிடம் சென்றது. அதற்குள் சிவநேசன் விழுந்துவிட்டார். சகோதரர்கள் இருவரும் ஒன்றாக விழுந்தார்கள். நான் கடைசி. நடிப்பு எனக்கு வராது. கெண்டைக்கால் என்று கத்திக்கொண்டு முழங்காலைப் பிடித்தேன்.

ஜௌபர் எழும்பினார். ஐந்து பேரையும் சுற்றிப் பார்த்தார். "ஒரு மலைக்கே இப்பிடியா? வெக்கமில்லையாடா? புள்ள பெத்தவளும் இப்பிடிக் கத்தமாட்டாள்!" என்று தொடங்கினார். ஏச்சு வந்ததும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் அடுத்து அவர் செய்ததை நாங்கள் நினைத்திருக்கவில்லை. அந்த நெஞ்சோடு எங்களைத் தூக்க வந்தார். முஸம்மிலின் தொண்ணூறு கிலோவுக்குக் கீழே கையைக் கொடுத்தார். முஸம்மில் நோவை மறந்து துள்ளி எழும்பி வேனுக்குள் பாய்ந்தார். எங்களைத் தொடுவதற்கு முன்னால் நாங்களும் ஒவ்வொருவராக நொண்டிக்கொண்டு ஓடி ஏறினோம். கால் பிடித்தவன் அப்படி ஓடுவானா என்று அவர் யோசிக்கவில்லை. அல்லது யோசித்தாரோ, எனக்குத் தெரியாது. முன்சீட்டில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தி, "உடு பாறூக், இந்த நோஞ்சான்கள ஆஸ்பத்திரியில கொட்டுவம்" என்றார்.

கீழே இருந்த ஆஸ்பத்திரியில் சிவநேசன் டொக்டரைத் தனியே பிடித்து, எங்களுக்கு ஒன்றுமில்லை, முன்னால் வந்து எங்களை ஏசிக்கொண்டிருக்கிறாரே அவருக்குத்தான் என்று உடைந்த சிங்களத்தில் சொன்னார். டொக்டர் பெண்பிள்ளை, கெட்டிக்காரி. ஆறு பேருக்கும் ஈசிஜி எடுக்கவேண்டும் என்றாள். "எல்லாரும் எடுத்தா நானும் எடுக்கிறன்" என்று ஜௌபர் படுத்தார். எங்கள் ஐந்து தாளையும் அவள் ஒரு பக்கம் தள்ளிவிட்டாள். ஆறாவதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அம்புலன்ஸ் அவரை அதே மலையால்தான் கண்டிக்கு ஏற்றிக்கொண்டு போனது. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தார்.

புத்தளத்துக் கடலை அவர் பார்க்கவில்லை. பிறகு எத்தனையோ தரம் வாகனத்தில் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றோம். "வாகனத்துல போறதெண்டா எனக்கு நீங்க ஏன்?" என்றார்.

ஊர் திரும்பியதும் அவருடைய கதை தொடங்கியது. ஐந்து நோஞ்சான்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இடத்தில் தனக்கும் ஏதோவொன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள், இல்லையென்றால் தனியே ஓடிப் புத்தளத்தைத் தொட்டிருப்பேன் என்பார். தேத்தண்ணிக் கடையில் சொன்னார், கலியாண வீட்டில் சொன்னார், பழக வந்த பிள்ளைகளுக்குப் பாலத்து ஏற்றத்தில் வைத்துச் சொன்னார். வீரமுனையில் காணி அளக்கப் போன இடத்தில் ஒரு வயோதிபர் என்னைக் கண்டு, "மலையில படுத்தவங்களில ஒராள் நீங்கதானே?" என்று கேட்டார். முஸம்மிலைச் சந்தையில் "கெண்டைக்கால்" என்றே கூப்பிட்டார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மீன் நிறுத்தார். நெஞ்சு வருத்தக்காரன் என்று ஊர் ஜௌபரைப் பார்ப்பதைவிட, நோஞ்சான்கள் என்று எங்களைப் பார்ப்பது நல்லது என்று விட்டுவிட்டோம்.

அது நல்லதாக முடியவில்லை. போன வருடம் மறுபடியும் அடைப்பு என்றார்கள். இந்த முறை நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்யவேண்டும், சுணங்கக்கூடாது என்றார்கள். ஜௌபர் சுணங்கினார். வயலில் வேளாண்மை வெட்டி முடியட்டும் என்றார். மகளின் கலியாணம் முடியட்டும் என்றார். பழகின பிள்ளைகளுக்கு லைசன்ஸ் சோதனை வருகிறது என்றார். அவருடைய மனைவி எங்களைக் கூப்பிட்டு, "என்ட கதை அவருக்குக் காதுல ஏறாது. நீங்க சொன்னாக் கேப்பார்" என்று அழுதார். நாங்கள் போனோம். திரும்பத் திரும்பப் போனோம்.

அவர் சொன்ன பதில் எப்போதும் ஒன்றுதான். "அந்த மலையிலயே எனக்கு ஒண்டும் நடக்கல்ல. படுத்தது நீங்கதானே?"

ஒருநாள் முஸம்மில் பொறுக்கமாட்டாமல் உடைத்தார். "பொய்டா! ஒனக்காகப் படுத்தம். எங்கட காலுக்கு ஒரு மண்ணும் நடக்கல்ல!" என்று கத்தினார். ஜௌபர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இவ்வளவு நாளும் யோசிச்சு இதையா கண்டுபிடிச்ச?" என்றார். சிவநேசன் சத்தியம் பண்ணினார். நான் பைபிளில் கைவைக்கிறேன் என்றேன். சிரிப்புக் கூடியதே தவிர ஒன்றும் நடக்கவில்லை. அவரை ஒருமுறை காப்பாற்றிய பொய், இப்போது எங்கள் உண்மையை வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றது. மறுபடியும் படுத்துப் பார்ப்போமா என்றுகூட யோசித்தோம். எந்த றோட்டில் படுப்பது?

அறிவித்தல் வந்த அன்று விடியற்காலைச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து, நெஞ்சு கொஞ்சம் வாயு போல இருக்கிறது, சாய்ந்துவிட்டுக் கடற்கரைக்குப் போகிறேன் என்றாராம். அதற்குப் பிறகு எழும்பவில்லை.

ஜனாஸாவுக்கு ஊர் நிறைந்துவிட்டது. தொழுகை நடந்தபோது சிவநேசனும் நானும் பள்ளிவாசல் மதிலோரம் நின்றோம். ஜனாஸாவை வைத்த சந்தூக்குப் பெட்டியை நாங்களும் தோளில் வாங்கினோம். மையவாடி மணல் ஈரமாக இருந்தது. எல்லோரும் குழிக்குள் போடுவதைப் பார்த்து நாங்களும் மூன்று பிடி மண் போட்டோம். அவருடைய மனைவி, கணவனை இழந்தவள் அந்நிய ஆண்களைக் காணாமல் இருக்கும் இத்தாவில் இருப்பதால் எங்களால் போய் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. என்ன வார்த்தை இருக்கிறது சொல்ல? என் மனைவி போய் வந்தாள்.

துஆ முடிந்து ஆட்கள் கலையும்போது பொத்துவிலிலிருந்து வந்த ஒரு இளைஞர் கிட்ட வந்து ஸலாம் சொன்னார். ஜௌபரிடம் பழகி லைசன்ஸ் எடுத்தவராம். "நீங்கதானே மலையில படுத்த ஆக்கள்? ஜௌபர் காக்கா ஒங்கட கதையச் சொல்லித்தான் எங்கட பயத்தைப் போக்குவார்" என்றார். முஸம்மில் என்னைப் பார்த்தார். இனி மறைப்பதற்கு ஆளில்லை. வாயைத் திறந்தேன்.

"ஓம் தம்பி. மலையப் பாத்து நாங்க பயந்திட்டம்" என்றேன்.

பின்னேரம் ஐந்து பேரும் முஸம்மிலின் வீட்டில் கூடினோம். நீ எழுதுகிறவன்தானே, உள்ளதை எழுது என்றார் ஹனிபா. நெஞ்சு நோவை வாயு என்று சொல்லிக்கொண்டு இந்தக் கரையில் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களுக்காவது எழுது என்றார். ஜௌபர் பெருமையாகச் சொன்ன கதையை அவர் போன பிறகு பொய்யாக்குவதா என்று நான் தயங்கினேன்.

"எழுது. கேள்விப்பட்டு வந்து சண்டை பிடிக்கட்டும்" என்றார் முஸம்மில். சொன்னபிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. சாரனால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதனால் எழுதிவிட்டேன். இதை வாசித்த பிறகும் என்னை எந்தச் சந்தியில் கண்டாலும் மலைக்குப் பயந்த ஆள் என்றே கூப்பிடுங்கள். அவர் வைத்த பெயர் அது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான், அதை நான் விடமாட்டேன்.

ஜௌபர், நீ நம்பாத கதையை ஊருக்கே சொல்லிவிட்டேன். அந்த வளைவில் எங்கள் பத்துக் கால்களுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. பொய்யென்று சொல்லடா. வந்து சொல்லு.